நான் சாப்பிடாத இனிப்பு

கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவளுக்குக் கண் மங்கினால் அவள் முதலில் கண்ணாடியைத்தான் சந்தேகிப்பாள். நானும் அதைத்தான் செய்தேன்.

லண்டனில், இல்ஃபோர்ட்டில் மூக்குக்கண்ணாடி விற்கும் ஒரு கடையில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். வாடிக்கையாளரின் மூக்கில் கண்ணாடியைப் பொருத்தி, காதுக்குப் பின்னால் சரியாக உட்காரும்படி வளைத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு குளிர்காலக் காலையில் எதிரே இருந்த பெண்ணின் முகம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலக் கலங்கித் தெரிந்தது. என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மறுபடியும் அப்படியே தெரிந்தது. மதியத்துக்குப் பிறகு பார்வை தானாகவே தெளிந்தது. அடுத்த நாள் மீண்டும் மங்கியது.

அதோடு தாகமும் வந்தது. கடையின் பின்னறையில் தண்ணீர்ப் போத்தலை நிரப்புவதும் கழிப்பறைக்குப் போவதுமாக என் நாட்கள் கழிந்தன. என்னுடன் வேலை செய்பவர்கள் அதைப் பகிடியாக்கினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

குடும்ப மருத்துவர் இரத்தம் எடுத்தார். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) அதிகமாக இருந்தது. இரண்டாம் வகை நீரிழிவு என்றார் (உடல் இன்சுலினைச் சுரந்தாலும் அதைச் சரிவரப் பயன்படுத்த முடியாத நிலை). நான் அதிர்ந்துபோகவில்லை. நாற்பது வயது தாண்டிவிட்டது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது. இடுப்பைச் சுற்றிச் சதையும் இருந்தது. மருத்துவருக்கும் என்னைப் பார்த்ததும் வேறெதுவும் தோன்றவில்லை. அன்று அது யாருடைய பிழையும் அல்ல என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிழைகள் பிறகு வந்தன.

இதை வாசிக்கிற உங்களுக்கும் அண்மையில் இதே பெயர் சூட்டப்பட்டிருக்கலாம். எடையைக் குறையுங்கள், சர்க்கரை தானாக இறங்கும் என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது உண்மை. எனக்கு அது உண்மையாக இருக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மருத்துவ நிலையத்தின் தாதி பொறுமையானவர். சிறிய தட்டு எடுங்கள், பாதித் தட்டில் மரக்கறி, கால்வாசியில் புரதம், மிச்சக் கால்வாசியில் மட்டும் சோறோ பாண் ரொட்டியோ என்று சொல்லித் தந்தார். மெட்போமின் (சர்க்கரையைக் குறைக்கும் முதல்நிலை மாத்திரை) எழுதித் தந்தார்கள். எடை குறைப்பது எனக்குத் தண்டனையாக இருக்கும் என்று பயந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அப்படி இருக்கவில்லை. அந்தச் சாப்பாடுகள் எனக்கு உண்மையாகவே பிடித்துப்போயின.

காலையில் ஒரு கோப்பைக்குள் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வெட்டிப் போட்டு, மிளகுத்தூளும் உப்பும் சேர்த்து அடித்து மைக்ரோவேவில் வைப்பேன். கோப்பையின் விளிம்புவரை பொங்கி எழும்பும். கரண்டியால் எடுத்து நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் பஸ் பிடிக்கலாம். வேலைக்குக் கொண்டுபோவது கடலை. டின்னில் வருகிற கொண்டைக்கடலையைக் கழுவி வடித்து, கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து, ஒரு பிடி துருவிய தேங்காய்ப்பூ தூவி, தேசிக்காய் பிழிந்தால் முடிந்தது. ஆறினாலும் ருசி குறையாது.

டின் மீனில் நான் ஒரு சம்பல் செய்வேன். மீனை உதிர்த்து, வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், நிறையத் தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்து, சாலட் இலைக்குள் வைத்து வெற்றிலைபோல மடித்து வாயில் போடுவது. சிவா, என் கணவர், அதை முதலில் பார்த்தபோது, "உதென்ன, மீன் வெற்றிலையோ?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு தனக்கும் இரண்டு மடித்துத் தரச் சொன்னார். கோவா (முட்டைக்கோஸ்) வறை, பூக்கோவாவை (காலிஃபிளவர்) துருவி வதக்கிய பொய்ச் சோறு, அதன் மேல் தேங்காய்ப்பாலில் கீரையும் பருப்பும் போட்ட சொதி. பின்னேரப் பசிக்கு வெள்ளரிக்காயை நீளமாக வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தடவியது, அல்லது கெட்டித் தயிரில் கடுகு தாளித்து ஊற்றியது. வாய் சும்மா இருக்காத நேரத்துக்கு, வாணலியில் எண்ணெய் விடாமல் வறுத்த கச்சான், அதாவது நிலக்கடலை.

எண்ணெயில் பொரித்த ரோல்ஸும் பற்றிஸும் இல்லாத வாழ்க்கை இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எடை இறங்கியது. தாதி கைதட்டினார். மகள் அபி என் பழைய ஜீன்ஸைத் தேடியெடுத்துத் தந்து, "அம்மா, யூ லுக் அமேசிங்" என்றாள். அபி படிப்பு முடித்து நகரத்துக்குள் வேலைக்குப் போகிறவள், எங்களுடன்தான் இருக்கிறாள். ஈஸ்ட் ஹாமில் சேலைக்கடைக்காரப் பெண்கூட, "அக்கா, பிளவுஸ் எல்லாம் பிடிக்கவேணும் போல" என்றாள். என் உடம்பு நான் சொல்வதைக் கேட்கிறது என்று நம்பினேன். அந்த வயதுவரை அது என் பேச்சைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கோடை தொடங்கியபோது கணக்குப் பிசகியது. எடை தொடர்ந்து குறைந்தது. சர்க்கரையோ ஏறியிருந்தது.

தாதி திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சாப்பாட்டில் ஏதேனும் மாற்றமா என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டாவது மாத்திரை ஒன்றைச் சேர்த்தார்கள். அடுத்த முறை சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது.

வீட்டில் சிவா மாறத் தொடங்கியது அப்போதுதான்.

அவருடைய தாயார் நீரிழிவில் இறந்தவர். அதற்கு முன்னரே ஒரு காலை வெட்டி எடுத்திருந்தார்கள். தாயார் மரணமானபின் கட்டிலைத் தூக்கியபோது அடியில் சீனிப் போத்தலும் பனங்கட்டியும் இருந்ததைச் சிவாதான் கண்டெடுத்தார். பத்தொன்பது வயதுப் பெடியன். திருமணமான புதிதில் இதை ஒரே ஒரு தடவை எனக்குச் சொன்னார். பிறகு பேசியதே இல்லை. அந்தக் கட்டிலடியை அவர் லண்டனுக்கும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

முதலில் பிஸ்கற் டின் அலுமாரியிலிருந்து காணாமல் போனது. அதைக் கார் டிக்கியில் கண்டேன். பிறகு கேள்விகள்.

"வேலையிடத்தில ஆற்றையேன் பேர்த்டே கேக் வெட்டினவையோ?"

"வெட்டினவை. நான் சாப்பிடேல்லை."

"ஒரு துண்டு எண்டாலும்?"

"இல்லையப்பா."

"அப்ப எப்பிடி ஏறுது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பொய்போலக் கேட்டது. சந்தேகத்தின் வேலை அதுதான். கொஞ்ச நாளில் நானே என்னைச் சந்தேகித்தேன். தூக்கத்தில் எழும்பிப் போய்ச் சாப்பிடுகிறேனா? கடலையில் ஏதாவது இருக்கிறதா? தயிரில்? தட்டில் மிச்சமிருந்த கால்வாசிச் சோற்றையும் விட்டேன். பருப்பை விட்டேன். கடைசியில் முட்டையும் மீனும் இலையும்தான் எஞ்சின. எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடுகளையே, அவை என்னை ஏமாற்றுகின்றனவோ என்று பார்க்கத் தொடங்கினேன்.

இலையுதிர் காலத்தில் தாதி கதவைச் சாத்திவிட்டு வழக்கத்தைவிட மென்மையாகப் பேசினார். சிலருக்கு உணவோடு மறைவான ஓர் உறவு இருக்கும், அதில் வெட்கப்பட ஏதுமில்லை, என்னிடம் சொல்லலாம் என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். மறுபடி எடை பார்த்தார். இன்னும் குறைந்திருந்தது. ஒளித்துச் சாப்பிடுகிறவள் எப்படி மெலிவாள் என்று அந்த அறையில் நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

ஏன் திடீரென்று தாதி இப்படிக் கேட்கிறார் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.

சிவாவின் தமக்கையின் பேரனுக்குப் பிறந்தநாள் விழா. அந்தத் தமக்கை, என் மச்சாள், லண்டனின் தெற்கே மோர்டனில் இருந்தாலும் மண்டபம் ஈஸ்ட் ஹாமில் எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். இரண்டு நாளாக எனக்கு வயிறு சரியில்லை, வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. போகாமல் விட்டால் அதற்கும் ஒரு காரணம் கற்பிப்பார்கள் என்று சேலை உடுத்தேன். கடலைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். குளிர் என்பதால் கார்க் கண்ணாடிகள் பூட்டியிருந்தன. அபி பின்சீற்றில்.

கொஞ்சத் தூரம் போனதும் சிவா மூக்கைச் சுளித்தார். இன்னொரு முறை மூச்சை இழுத்தார். பிறகு ஒரு கடை வாசலில் காரை ஓரங்கட்டினார்.

"என்ன சாப்பிட்டனி?"

"ஒண்டும் சாப்பிடேல்லை. வயிறு பிரட்டுது."

"பொய் சொல்லாதை. இனிப்பு மணக்குது. ரொபி மிட்டாய் மாதிரி மணக்குது. வாயைத் திற பாப்பம்."

நான் அபியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்து காட்டினேன். என் கணவருக்கு, ஒரு குழந்தைபோல. அவர் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. என் கைப்பையைத் திறந்தார். அதிலும் ஒன்றுமில்லை.

"விழுங்கிட்டாய்," என்றார். பிறகு, ஆத்திரம் வடிந்த குரலில், "அம்மாவும் இப்பிடித்தான் சத்தியம் பண்ணினவ."

மண்டபத்தில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எப்பிடி இப்பிடி மெலிஞ்சனி? எங்களுக்கும் சொல்லித்தாவன்" என்றார்கள். மச்சாள் மட்டும் ஒரு மாதிரிப் பார்த்து, "உடம்பு மெலிஞ்சு என்ன, சீனி இறங்கவேணுமே" என்றார். அவருக்கு எப்படித் தெரியும்? தாகம் தாங்க முடியவில்லை. மேசையிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து வாயில் வைக்கப் போனேன். சிவா பக்கத்தில் வந்து அதைக் கையிலிருந்து வாங்கி மணந்து பார்த்தார்.

தண்ணீர்.

திருப்பித் தந்தார். பார்த்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். கேக் வெட்டுமுன் நான் கழிப்பறையில் வாந்தி எடுத்தேன். வெளியே யாரோ, "ஒத்துக்கொள்ளாததை ஏதேன் சாப்பிட்டிருப்பா" என்று சொல்வது கேட்டது.

மறுநாள் காலையில் அபி என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். ஓடிவந்தவள்போல நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேனாம், படுத்திருந்தபடியே. அவள்தான் அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கூரை விளக்குகள், என் உடுப்பை வெட்டிய குளிரான கத்தரிக்கோல், இரண்டு கையிலும் ஊசி.

தெளிவாக நினைவிருப்பது ஒரு முகம். அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர். என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார், இந்தியத் தமிழில்.

அவர் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: "டொக்டர், நான் களவா ஒண்டும் சாப்பிடேல்லை."

அவர் கொஞ்சம் திகைத்தார். "யாரும் அப்படிக் கேக்கலையே," என்றார்.

பிறகு என் கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்து குனிந்து சொன்னார்: "திரையை விலக்கினதுமே உங்க மூச்சுல அந்த வாசனை தெரிஞ்சுது. இது கீட்டோன். உடம்புல இன்சுலின் இல்லைன்னா சர்க்கரையை எடுத்துக்க முடியாம கொழுப்பை எரிக்க ஆரம்பிச்சிடும். அப்ப ரத்தத்துல அமிலம் சேரும். அந்த வாசனைதான் இது. சில பேரோட மூக்குக்கு இந்த வாசனை தெரியவே தெரியாது."

"இனிப்புச் சாப்பிட்டா வாற மணம் இல்லையோ?"

"இல்லைங்க. சாப்பிடாததால வர்றதுன்னு வேணா சொல்லலாம்."

அதன் பெயர் கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் இரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை). உப்புநீர்ச் சேலைனும் இன்சுலினும் ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் மூச்சு சீரானது. நாக்கு ஈரமானது. அப்படி ஒரு தண்ணீர்ச் சுகத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

வார்டுக்கு மாற்றியபின் நீரிழிவு நிபுணர் வந்தார். வெள்ளைக்காரர், நிதானமாகப் பேசுபவர். சிவாவும் அபியும் கட்டிலருகே இருந்தார்கள். இது இரண்டாம் வகை அல்ல, முதலாம் வகையாக இருக்க வேண்டும் என்றார் (நோயெதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைத் தாக்கி அழித்துவிடும் நிலை). அது குழந்தைகளுக்கு மட்டும் வருவதல்ல, நடு வயதிலும் மெதுவாக வரும், பார்வைக்கு இரண்டாம் வகைபோலவே தோன்றும் என்றார். அப்படித் தாக்கும் எதிர்ப்பொருள்களுக்கான இரத்தப் பரிசோதனை பின்னர் அதை உறுதிப்படுத்தியது.

"என்ரை சாப்பாட்டில ஏதும் பிழையோ?" என்று கேட்டேன். அபி ஆங்கிலத்தில் சொன்னாள்.

எந்தச் சாப்பாட்டாலும் இதைத் தடுத்திருக்க முடியாது என்றார். எடை குறைந்ததில் பெரும்பகுதியும் திட்டத்தால் அல்ல, நோயால். நான் சாப்பிட்டது உடம்புக்குள் சேராமல் சிறுநீரோடு வெளியேறிக்கொண்டிருந்தது.

இதை வாசிக்கிற உங்களுக்கு இது சின்ன விடயமாகத் தெரியலாம். உயிர் தப்பியதே பெரிதல்லவா? ஆனால் அந்த வருடம் முழுவதும் எனக்குப் பெருமைப்பட இருந்தது அது ஒன்றுதான். அந்த முட்டைக் கோப்பையும், மீன் வெற்றிலையும், நான் நானாக மறுத்த ஒவ்வொரு ரோல்ஸும். என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. அது கரைந்துகொண்டிருந்தது, நான் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நிபுணர் போகும்போது, சர்க்கரை ஏற ஏற எடை குறைந்திருக்கிறதே, யாராவது முன்பே யோசித்திருக்க வேண்டும் என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் போனபின் அபி சொன்னாள்: "அப்பா, அம்மாவுக்குச் சொல்லுங்கோ. இல்லையெண்டா நான் சொல்லுவன்."

சிவா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் நர்ஸுக்குப் போன் பண்ணினனான்."

"எப்ப?"

"கோடை முடியேக்கை. நீ ஒளிச்சுச் சாப்பிடுறாய், கேட்டாலும் சொல்லமாட்டாய் எண்டு சொன்னனான். கொஞ்சம் வெருட்டி வையுங்கோ எண்டு."

"மச்சாளுக்கும் சொன்னனீங்களோ?"

தலையசைத்தார்.

"நீங்கள் கண்டனீங்களோ, நான் சாப்பிட்டதை? ஒரு நாளாவது?"

"இல்லை. உனக்கும் கால் போயிடும் எண்டு பயந்திட்டன்."

நான் அபியைப் பார்த்தேன். "உனக்கும் தெரியுமோ?"

"தெரியும் அம்மா." அவள் அழுதுகொண்டிருந்தாள். "அப்பா ஷுவரா சொன்னவர். நானும் நம்பிட்டன். ஐ ஆம் சோ சொறி."

எனக்குக் கோபம் வரவில்லை. அது பிறகு வந்தது, இன்னும் போகவில்லை. அந்த நேரத்தில் நான் உணர்ந்தது வேறு. என் வீட்டில், எனக்குத் தெரியாமல், என்னைப் போன்ற இன்னொருத்தி இருந்திருக்கிறாள். அலுமாரிக்குப் பின்னால் நின்று கேக் விழுங்குகிற ஒருத்தி. என் கணவரும் மகளும் பல மாதங்கள் அவளோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். அவளுக்காகத்தான் பயந்திருக்கிறார்கள். எனக்காக யாரும் பயப்படவில்லை.

"வீட்டை போங்கோ," என்றேன். "ரெண்டு பேரும். நாளைக்கு வாங்கோ."

அவர்கள் போனபின் பின்னேரத் தேநீர் வண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வந்த பெண், ஏதாவது வேண்டுமா என்றார். வார்டுத் தாதி என் விரலில் குத்தி அளவு பார்த்து, வயிற்றில் இன்சுலின் போட்டுவிட்டு, இப்போது நீங்கள் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்றார். வெண்ணெய் தடவிய இரண்டு துண்டு வாட்டிய பாண். முதல் கடியோடு, யாராவது பார்க்கிறார்களா என்று திரைப்பக்கம் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டையும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் நான் கற்றுக்கொண்டது நிறைய. சோற்றிலும் பாணிலும் உள்ள மாச்சத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ற இன்சுலின் போடுவது. நடந்தால் சர்க்கரை குறையும், காய்ச்சல் வந்தால் ஏறும். அளவுக்கு மீறி இறங்கினால் (ஹைப்போ என்பார்கள்) கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும். அப்போது உடனே பழச்சாறு குடிக்க வேண்டும். கண்ணும் தெளிந்தது. கண்ணாடியின் பவர் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

மருத்துவ நிலையத் தாதி தொலைபேசியில் அழைத்தார். "உங்கள் கணவர் சொன்னதை உங்களிடம் கேட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும். உங்களை நம்பாமல் அவரை நம்பினேன். மன்னியுங்கள்," என்றார். சாக்குச் சொல்லாத மன்னிப்பு அது. அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. அவர் என்னோடு வாழ்கிறவர் அல்ல.

சிவாவிடம் நான் கேட்டது ஒன்றுதான். யார் யாருக்குச் சொன்னாரோ அவர்கள் எல்லோருக்கும் தானே எடுத்துச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலையில் சமையலறையில் நின்று மச்சாளுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"அக்கா, அவ ஒளிச்சுச் சாப்பிடேல்லை. ஒரு நாளும் சாப்பிடேல்லை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். நீரிழிவு வருத்தம்தான் அப்பிடிச் செய்தது."

மறுபக்கத்திலிருந்து மச்சாள் சொன்னார்: "சரி விடு. இப்ப சுகம்தானே. இனியாவது கவனமாச் சாப்பிடச் சொல்லு."

போனை வைத்துவிட்டுச் சிவா என்னைப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவினேன். இப்படித்தான் முடியும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பழியைப் பரப்புவதற்கு ஒரு வாய் போதும். அதைத் துடைக்கப் போனால் யாருக்கும் கேட்க நேரமில்லை.

இன்சுலின் தொடங்கியதும் எடை ஏறியது. உடம்பு மறுபடி சாப்பாட்டைப் பிடித்து வைக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்றார்கள் கிளினிக்கில். வெளியே அதற்கு வேறு அர்த்தம். "என்ன, டயட்டை விட்டிட்டியோ?" என்று ஈஸ்ட் ஹாம் தெருவில் கேட்கிறார்கள். செத்துக்கொண்டிருந்தபோது என்னை வடிவு என்றவர்கள் அவர்கள். முதலில் நின்று விளக்கம் சொன்னேன். இப்போது சிரித்துவிட்டுப் போய்விடுகிறேன்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் திட்டம் வேலை செய்தால் மகிழ்ச்சியாக இருங்கள். அந்தச் சாப்பாடுகளில் எந்தக் குற்றமும் இல்லை. கடலையும் மீன் வெற்றிலையும் நான் இன்றும் செய்கிறேன், இப்போது பக்கத்தில் கொஞ்சம் சோறும் இருக்கிறது. ஆனால் எடை இறங்க இறங்கச் சர்க்கரை ஏறினால், தாகம் தணியாவிட்டால், உங்களுக்கு எத்தனை வயதானாலும் முதலாம் வகையா என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவருக்கு இப்படி இருந்தால், அவர் சாப்பிடவில்லை என்று சொன்னால், முதலில் அதை நம்பிவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள். நம்புவதால் யாருடைய காலும் போகாது.

இப்போது என் கையில் ஒரு சென்சர் ஒட்டியிருக்கிறது (தோலுக்கடியில் சர்க்கரையை ஓயாமல் அளக்கும் சிறு கருவி). தொலைபேசியில் அது ஒரு கோடாக ஓடுகிறது. முன்பெல்லாம் என் நாள் கடை திறக்கும் நேரத்திலும் பஸ் நேரத்திலும் நடந்தது. இப்போது அது அந்தக் கோட்டின் மேட்டிலும் பள்ளத்திலும் நடக்கிறது. சாப்பாடு முடிந்து இரண்டு மணிநேரம் கழிந்த பிறகுதான் எனக்கு அது முடிந்ததாகிறது. என் உடம்பு சொல்வதைக் கேட்கும் என்று நான் இனி எதிர்பார்ப்பதில்லை. அது என்ன சொல்கிறது என்று நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது, தூங்கும்போதும்.

அந்தக் கோட்டை இன்னொருவரின் தொலைபேசியிலும் தெரியும்படி செய்யலாம். சிவாவுக்கு அது தெரிந்தபோது ஆர்வமாகக் கேட்டார்.

"எனக்கும் காட்டலாம்தானே? இறங்கினா எனக்கும் அலாரம் அடிக்கும். நான் வேலையில இருந்தாலும் தெரியும்."

நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அது எனக்குத் தெரியும். அவர் இப்போது சாப்பாட்டுப் பொதியின் பின்பக்கத்தை வாசித்து மாச்சத்துப் பார்க்கிறார், காரில் பழச்சாறு வைத்திருக்கிறார். கிளினிக்கும் யாராவது ஒருவருடன் பகிருங்கள் என்று சொல்லியிருந்தது.

"இல்லை," என்றேன். "அபிக்குக் குடுத்திருக்கிறன். உங்களுக்கு இப்ப ஏலாது."

"அபியும்தானே நம்பாமல் விட்டவ?"

"அவ என்ரை வாயைத் திறந்து பாக்கேல்லை."

எப்போதாவது அவருக்குக் கொடுப்பேனா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்கும் எனக்கு உரிமை இருக்கிறது.

இன்சுலின் போட்டால் உடனே சாப்பிட முடியாது, அது வேலை தொடங்கும்வரை கொஞ்சம் காத்திருக்க வேண்டும். நேற்று மத்தியானம் சோறும் மீன்குழம்பும் கோவா வறையும் மேசையில் இருந்தன. ஊசியைப் போட்டுவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். சிவாவும் தன் தட்டைத் தொடாமல் எதிரே இருந்தார். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"எப்பிடி இருக்குது இப்ப?" என்று கேட்டார்.

"சரியா இருக்கு."

அவர் கண் ஒரு கணம் கவிழ்ந்த தொலைபேசிக்குப் போனது. பிறகு கண்ணை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். "சரி," என்றார்.

இருவரும் காத்திருந்தோம். குழம்பில் ஆடை படர்ந்தது. நேரமானதும் நான் முதலில் சோற்றில் கை வைத்தேன்.